தட்டுப்பாட்டுக் காலத்தின் இலக்கணம்: மும்பைத் தமிழரின் இளமை நினைவெழுத்தில் வழக்கவினை

0. முன்னுரை

இந்தியப் பொருளாதார வரலாற்றில் 1991ஆம் ஆண்டு ஓர் எல்லைக்கல்லாகக் கொள்ளப்படுகிறது. அவ்வாண்டு ஜூலை 24ஆம் நாள் புதிய தொழிற்கொள்கையும் மன்மோகன் சிங்கின் முதல் நிதிநிலை அறிக்கையும் நாடாளுமன்றத்தின் முன் வைக்கப்பட்டன. அந்நாளுக்கு முன் சிறுவர் சிறுமியராக இருந்தோர் இன்று நடுவயதிலும் அதனைக் கடந்தும் நிற்கின்றனர். அவர்கள் தம் இளமையை எண்ணி எழுதும் நினைவுக் கட்டுரைகள் இந்திய மொழிகள் பலவற்றிலும் ஒரு தனி எழுத்துவகையாக நிலைபெற்றுவிட்டன. பங்கீட்டுக் கடை வரிசை, பால் அட்டை, தெருவுக்கு ஒரு தொலைபேசி, அண்டை வீட்டுத் தொலைக்காட்சி, அண்ணனின் சட்டை தம்பிக்கு இறங்குதல் ஆகியவை இவ்வெழுத்தின் நிலையான உறுப்புகள். மும்பைத் தமிழரிடையே சங்கங்களும் சபைகளும் வெளியிடும் ஆண்டுமலர்களிலும் இதழ்களின் சிறப்புப் பக்கங்களிலும் தன்வரலாற்று நூல்களிலும் இவற்றைக் காணலாம்.

இவ்வெழுத்து பற்றிய விமரிசனம் பெரும்பாலும் பொருள் பற்றியதாகவே இருந்துவருகிறது. அக்காலம் உண்மையில் இனியதா, இல்லையா என்ற வினாவுடன் அது நின்றுவிடுகிறது. அவ்வினிமை எந்த இலக்கண வடிவங்களால் ஆக்கப்படுகிறது என்பது போதிய அளவு நோக்கப்படவில்லை. தமிழில் வழக்கப் பொருளைத் தரும் வினைவடிவமும் எதிர்மறை வடிவமும் தன்மைப் பன்மையும் சேர்ந்து, தட்டுப்பாட்டை ஓர் இயற்கை நிலையாகக் காட்டும் ஆற்றல் பெறுகின்றன என்பதே இக்கட்டுரையின் கருத்து. மொழிபெயர்ப்பாளர் இவ்வடிவங்களை எவ்வாறு பெயர்க்கிறார் என்பதைப் பொறுத்தே, பெயர்ப்புமொழியில் அக்காலத்தின் வரலாறு தங்குவதும் மறைவதும் அமைகின்றன. எண்ணிட்டுத் தரப்படும் தொடர்கள் இவ்வெழுத்துவகையின் போக்கைக் காட்டுவதற்காக அமைத்துக்கொண்டவை. எந்த நூலிலிருந்தும் எடுக்கப்பட்டவை அல்ல.

1. எழுதும் இடமும் எழுதப்படும் இடமும்

1853ஆம் ஆண்டு ஏப்ரல் 16ஆம் நாள் போரிபந்தரிலிருந்து புறப்பட்ட இந்தியாவின் முதல் பயணிகள் தொடர்வண்டி, 34 கிலோமீட்டர் ஓடித் தாணேயை அடைந்தது. பிற்காலத்தில் மும்பைத் தமிழரின் குடியமர்வும் ஏறத்தாழ இப்பாதையை ஒட்டியே வடக்கு நோக்கி நகர்ந்தது எனலாம். மாட்டுங்காவில் அலுவலகப் பணியாளர் குடும்பங்கள் குடியேறின. தென்னிந்தியக் கல்விச் சங்கம் 1932இல் அங்குத் தோன்றியது. அதனை அடுத்த பகுதியில் சண்முகானந்த சபை 1952 முதல் இசைக்கு ஒரு நிலைக்களமாயிற்று. தாராவிக்குத் திருநெல்வேலிப் பகுதியிலிருந்து தோல் பதனிடும் தொழிலுக்கும் ஆலைவேலைக்கும் மக்கள் வந்தனர். 1950களில் திராம்பேயில் எண்ணெய்த் தூய்மிப்பு ஆலைகளும் அணு ஆற்றல் நிறுவனமும் அமைந்தபின் செம்பூரில் தமிழர் தொகை பெருகியது. இடநெருக்கடியும் வீட்டு விலையும் உயர உயர, அடுத்த தலைமுறையினர் தாணே, டோம்பிவிலி முதலிய இடங்களுக்குப் பெயர்ந்தனர். 1960களில் தொழிற்பேட்டை நகரமாக வளர்ந்த தாணேயில், ஆலைகள் இருந்த நிலங்கள் பலவற்றில் இன்று உயர்மாடிக் குடியிருப்புகள் நிற்கின்றன.

நினைவெழுத்தின் நிலையான நோக்குநிலை இதனால் உருவாகிறது. தாணேயின் சொந்த வீட்டிலிருந்து மாட்டுங்காவின் வாடகை வீட்டையோ தாராவியின் ஒற்றை அறையையோ நோக்கி எழுதுதல் என்பதே அது. எழுதும் இடம் பொருளாதார வளர்ச்சி தந்தது. எழுதப்படும் இடம் அவ்வளர்ச்சிக்கு முந்தியது. இவ்விரண்டுக்கும் இடைப்பட்ட தொலைவே நினைவேக்கத்தின் ஊற்று.

இங்கு இரு தலைமுறைகளைப் பிரித்தறிதல் வேண்டும். முதல் தலைமுறையின் இளமை ஊரில் இருந்தது. மும்பை அவர்களுக்குப் பிழைப்பிடம். 1970களில் மும்பைக்கு வந்த நாஞ்சில்நாடனின் ‘மிதவை’ (1986) போன்ற புதினங்களில் மும்பை வேலை தேடிவந்தவனின் நகரமாக நிற்கிறது. வேர்ப்பற்று நாஞ்சில் நாட்டின் வயலையும் அதன் சொல்வளத்தையும் சார்ந்தது. இரண்டாம் தலைமுறைக்கு மும்பையே இளமையின் ஊர். அவர்களுடைய ஏக்கச் சொற்கள் வயலைச் சாராமல், வரிசை அறைக் குடியிருப்பாகிய சாலையும் தொடர்வண்டி நடைமேடையையும் சார்ந்தவை. அவர்களுள் பலர் நகரத்தை இன்றும் ‘பம்பாய்’ என்றே எழுதுகின்றனர். பெயர் மாறிய 1995ஆம் ஆண்டும் அவர்களுக்கு ஓர் எல்லைக்கல்.

எனினும் எல்லைக்கல்லை 1991இல் மட்டும் நடுவது பொருந்தாது. மராத்தியில் பு. ல. தேஷ்பாண்டே எழுதிய ‘படாட்யாசீ சாள்’ 1958இல் நூலாக வந்தது. அந்நகைச்சுவை நூலின் இறுதிப் பகுதி, மறைந்துவரும் சால் வாழ்வை எண்ணி வருந்தும் சிந்தனையாக அமைந்தது. எனவே, பிற்காலத்தார் ‘பழைய நல்ல காலம்’ என்று கருதும் 1960களும் 1970களும் தோன்றுவதற்கு முன்பே அவ்வாழ்வு போய்விட்டது என்ற வருத்தம் பதிவாகிவிட்டது. ஒவ்வொரு தலைமுறையும் தன் பத்தாம் வயதுக்கு அருகில் எல்லைக்கல்லை நடுகிறது. ‘நினைவேக்கம்’ என்பதற்கு இணையான ‘நாஸ்டால்ஜியா’ என்ற சொல், 1688இல் யோஹன்னஸ் ஹோஃபர் என்பவர் பாசல் நகரில் அளித்த மருத்துவ ஆய்வேட்டில் ஊரைப் பிரிந்தோரின் நோய்ப்பெயராக ஆக்கப்பட்டது. இடம் பற்றிப் பிறந்த சொல் பின்னர்க் காலம் பற்றியதாயிற்று. மும்பைத் தமிழரின் இரு தலைமுறைகளில் இவ்விரு பொருளையும் அடுத்தடுத்துக் காணலாம்.

2. மலைக்குரிய வினை

பின்வரும் தொடர்களை ஒப்பிடலாம்.

(1) அப்பா மாலை ஆறரை மணி வண்டியில் வந்தார்.
(2) அப்பா மாலை ஆறரை மணி வண்டியில் வருவார்.

(1) ஒருநாள் நடந்த நிகழ்ச்சியைச் சுட்டுகிறது. (2) நாளை நடக்கவிருப்பதையும் இக்காலத்தில் நாள்தோறும் நடப்பதையும் ‘அப்போதெல்லாம்’ என்ற சொல் முன்வந்தால் 1975இல் நாள்தோறும் நடந்ததையும் சுட்ட வல்லது. எதிர்கால இடைநிலை எனப் பள்ளி இலக்கணம் கூறும் ‘-வ்-’, ‘-ப்ப்-’ ஆகியவை கடந்தகால வழக்கத்தையும் உணர்த்துதல் தமிழறிந்தார் அனைவரும் பயன்படுத்தும் வழக்கே. எனினும் அதன் விளைவு கருதத்தக்கது. கடந்துபோன ஒன்றைச் சொல்லும்போது, கடந்துபோனது என்பதற்கான அடையாளம் வினைமுற்றில் இல்லை. ‘அப்போதெல்லாம்’ ஒருமுறை வந்தபின், பத்திகள் பலவும் அவ்வடையாளமின்றியே செல்லலாம். படிப்பவர் காலத்தின் மறுகரையில் தாம் நிற்பதை மறக்கிறார்.

தொல்காப்பியம் வினையியலில், மூன்று காலத்திலும் இயல்பாக நிற்கும் பொருள்களை நிகழ்காலத்துப் பொதுச்சொல்லாகிய ‘செய்யும்’ என்பதனால் கூறவேண்டும் என விதிக்கப்படுகிறது. உரையாசிரியர்கள் மலை, ஞாயிறு போன்றவற்றை எடுத்துக்காட்டுகின்றனர். ‘செய்யும்’ என்பதும் ‘செய்வார்’ என்பதும் வடிவத்தால் வேறுபட்டவை என்பது உண்மை. ஆயினும் இன்றைய தமிழில் ‘மழை பெய்யும்’, ‘அப்பா வருவார்’ என்னும் இரண்டும் ஒரே பொதுமைப் பொருளைப் பகிர்ந்துகொள்கின்றன. எனவே நினைவெழுத்தாளர், மலைக்கும் ஞாயிற்றுக்கும் உரிய வினையைத் தம் தந்தைக்கும் பால் நிலையத்துக்கும் பங்கீட்டுக் கடைக்கும் அளிக்கிறார் எனலாம். மலை எவராலும் நிறுத்தப்பட்டதன்று. வரிசையோ, ஓர் அரசின் கொள்கையால் நிறுத்தப்பட்டது. இலக்கணம் இவ்வேறுபாட்டைத் தானாகக் காட்டுவதில்லை.

தமிழில் கடந்தகால வழக்கத்தைக் கூற வேறு வடிவங்களும் உண்டு. ‘வருவது உண்டு’ என்பது சிற்சில வேளைகளில் நடந்ததைக் குறித்து, எழுதுவோர் அதற்குச் சான்று நிற்பதைப் புலப்படுத்துகிறது. ‘வருவது வழக்கமாக இருந்தது’ என்பது கடந்தகாலத்தை வெளிப்படையாக்குகிறது. ‘வந்துகொண்டிருந்தார்’ என்பது தொடர்ச்சியை ஒரு காலப்பகுதிக்குள் அடக்குகிறது. இத்தனை வாய்ப்புகள் இருந்தும் இவ்வெழுத்து ‘வருவார்’ என்பதையே பெரிதும் நாடுகிறது. ‘வீட்டில் ஒரு மின்விசிறி இருந்தது’ என்று அமையவேண்டிய இடத்தில் ‘வீட்டில் ஒரே ஒரு மின்விசிறி இருக்கும்’ என்று எழுதும்போது, ஒரு வீட்டின் நிலை ஒரு காலத்தின் நிலையாகிவிடுகிறது.

பிரெஞ்சு விமரிசகர் ழெரார் ழெனெத் 1972இல் கதையாடல் பற்றி எழுதிய நூலில், பலமுறை நடந்ததை ஒருமுறை கூறும் முறையை மீள்நிகழ்வுக் கதையாடல் எனப் பிரித்துக் காட்டினார். மீண்டும் மீண்டும் அப்படியே நடந்திருக்க இயலாத அளவு நுணுக்கங்கள் நிறைந்த காட்சியை, வழக்கவினையில் கூறுவதனைப் போலி மீள்நிகழ்வு என்றார். அவர் எடுத்துக்கொண்டது மார்செல் புரூஸ்தின் புதினம். ஆனால் இக்கருத்து தமிழ் நினைவெழுத்துக்கு நன்கு பொருந்துகிறது.

(3) சம்பள நாளன்று அப்பா ஊதாநிறப் பொட்டலத்துடன் படியேறுவார். மூன்றாம் படியில் கால் இடறும். பக்கத்து வீட்டு மாமி கதவைத் திறந்து பார்ப்பாள். அம்மா வாய்விட்டுச் சிரிப்பாள்.

கால் இடறியது ஒருநாள்தான் இருக்கவேண்டும். அம்மா வாய்விட்டுச் சிரித்ததும் ஒருநாள்தானோ என்ற ஐயம் எழவேண்டிய இடம் இது. வழக்கவினை அவ்வையத்தை எழவிடுவதில்லை; ஒருநாள் சிரிப்பு ஓர் இளமை முழுவதற்குமான சிரிப்பாகிறது.

இதன் தருக்க விளைவு இன்னும் முதன்மையானது. கிரெகரி கார்ல்சன் 1977இல் அளித்த ஆய்வேட்டுக்குப் பின் பொதுமைத் தொடர்கள் பற்றிய பொருண்மையியல் ஆய்வு விரிவடைந்தது. பொதுமைத் தொடர் விதிவிலக்குகளைப் பொறுத்துக்கொள்ளும் என்பது அவ்வாய்வுகளின் அடிப்படைகளுள் ஒன்று. ‘பறவை பறக்கும்’ என்பது நெருப்புக்கோழியால் பொய்யாவதில்லை. அவ்வாறே,

(4) அப்போதெல்லாம் பம்பாயில் யாரும் யாரையும் எந்த மொழிக்காரர் என்று கேட்கமாட்டார்கள்

என்ற தொடரும் ஒரு நிகழ்ச்சியால் பொய்யாவதில்லை. சிவசேனை 1966 ஜூன் 19ஆம் நாள் தோன்றியது. அக்காலத்தில் ‘மார்மிக்’ இதழில் நகரத்து நிறுவனங்களில் பணிபுரிந்த வெளிமாநில அதிகாரிகளின் பெயர்ப்பட்டியல்கள் வந்தன. தென்னிந்தியரை எதிர்த்த முழக்கங்கள் எழுந்தன. உடுப்பி உணவகங்கள் தாக்கப்பட்டன. மாட்டுங்காவிலும் செம்பூரிலும் சிறுவராக இருந்தோர்க்கு இவை கேள்விப்படாத செய்திகளாக இருந்திருக்க முடியாது. ஆயினும் (4) போன்ற தொடர்கள் எழுதப்படுகின்றன. எழுதுவோர் பொய் கூறுகிறார் எனல் பொருந்தாது. அவர் தேர்ந்த வினைவடிவம் நிகழ்ச்சிகளுக்கு விடைகூறும் கடமையிலிருந்து அவரை விடுவித்துவிட்டது. ‘எங்களை யாரும் கேட்கவில்லை’ என்று இறந்தகால எதிர்மறையில் எழுதினால் அத்தொடர் சரிபார்க்கத்தக்கதாகும். ‘கேட்கமாட்டார்கள்’ என்பது சரிபார்ப்புக்கு எளிதில் இடம்தருவதில்லை.

3. ‘கிடையாது’

நினைவெழுத்தின் இரண்டாம் பெருவடிவம் எதிர்மறைப் பட்டியல்.

(5) அப்போது தொலைபேசி கிடையாது, தொலைக்காட்சி கிடையாது, குளிர்பெட்டி கிடையாது, ஆனால் மகிழ்ச்சிக்குக் குறைவு கிடையாது.

‘கிடையாது’ என்பது ‘கிடை’ என்னும் வினையடியின் பழைய எதிர்மறை வடிவம். ‘பெறப்படாது’ என்ற சொற்பொருள் மங்கி, ‘இல்லை’ என்பதனோடு ஒத்த பொதுமை எதிர்மறைச் சொல்லாக அது உறைந்துவிட்டது. வினைப்பொருள் தேவைப்படும்போது இன்று ‘கிடைக்காது’, ‘கிடைக்கவில்லை’ என்றே கூறுகிறோம். தட்டுப்பாட்டைச் சுட்டப் பிறந்த சொல், தட்டுப்பாட்டை மறைக்கும் சொல்லாக மாறியிருப்பது நோக்கத்தக்கது.

(6) விண்ணப்பித்து ஏழு ஆண்டுகளாகியும் தொலைபேசி கிடைக்கவில்லை.

(6) இல் விண்ணப்பித்தவர் உண்டு, கொடாதவர் உண்டு, ஆண்டுகள் உண்டு. (5) இல் இவை எவையும் இல்லை. மேலும் (5) மூன்று வெவ்வேறு இன்மைகளை ஒரே சொல்லால் கோக்கிறது. மும்பையில் தொலைக்காட்சி நிலையம் 1972 அக்டோபர் 2ஆம் நாள் தொடங்கியது. அதற்கு முன் அந்நகரில் எவருக்கும் அது இல்லை. தொலைபேசி இருந்தது, ஆனால் இணைப்புகள் குறைவானதால் காத்திருப்புப் பட்டியலில் நிற்கவேண்டியிருந்தது. குளிர்பெட்டி கடையில் இருந்தது. அண்டை வீட்டிலும் இருந்திருக்கலாம். வாங்கப் பணம் இல்லை. தோன்றாமை, வழங்கப்படாமை, வாங்க இயலாமை என்னும் இம்மூன்றும் மூன்று வரலாறுகள். முதலாவது தொழில்நுட்ப வரலாறு; இரண்டாவது அரசின் வரலாறு; மூன்றாவது வகுப்பின் வரலாறு. ‘கிடையாது’ மூன்றையும் ஒன்றாக்கி, அதனால் அனைவரையும் சமமாக்குகிறது. ‘அக்காலத்தில் எல்லோரும் ஒரே மாதிரி இருந்தோம்’ என்ற இவ்வெழுத்தின் நிலையான முடிவுரை, பெருமளவு இச்சொல்லின் கொடை எனலாம்.

பால் வரிசையையும் இவ்வாறே நோக்கலாம். 1949இல் நிறுவப்பட்ட ஆரே பால் குடியிருப்பிலிருந்து நகரெங்கும் சிறு நிலையங்கள் வழியாகக் கண்ணாடிப் புட்டிகளில் பால் வழங்கப்பட்டது. அதிகாலையில் பால் அட்டையுடன் நிற்றல் இவ்வெழுத்தில் தவறாது வரும் காட்சி. ‘அம்மா வரிசையில் நிற்பாள்’ என்று அது எழுதப்படுகிறது. நின்றவள் என்ன எண்ணினாள் என்பதற்கு ‘நிற்பாள்’ என்பதில் இடமில்லை. ஆனால் வரலாற்றில் அதற்கு விடை உண்டு. மகாராட்டிரத்தில் வறட்சி நிலவிய 1972இல், மிருணால் கோரே, அகில்யா ரங்கணேகர் முதலியோர் முன்னின்ற விலைவாசி உயர்வு எதிர்ப்புப் பெண்கள் கூட்டமைப்பு மும்பையில் தோன்றியது. பெண்கள் தட்டுகளையும் சப்பாத்திக் கட்டைகளையும் ஏந்தித் தெருவுக்கு வந்தனர். ‘நிற்பாள்’ என்ற வழக்கவினை ‘நடந்தாள்’ என்ற நிகழ்ச்சிவினையாக மாறிய தருணம் அது. நினைவெழுத்துகளில் வரிசை இடம்பெறும் அளவுக்கு ஊர்வலம் இடம்பெறாமைக்கு மறதி மட்டும் காரணமாகாது. ஊர்வலம் வழக்கவினைக்குள் அடங்காத பொருள்.

4. ‘நாம்’ யார், ‘வருவான்’ யார்

தமிழ் தன்மைப் பன்மையில் கேட்போரை உளப்படுத்தும் ‘நாம்’, உளப்படுத்தாத ‘நாங்கள்’ என இரண்டைக் கொண்டுள்ளது. நினைவுக் கட்டுரைகள் வழக்கமாக ‘நாங்கள்’ எனத் தொடங்கும்: நாங்கள் கிங்ஸ் சர்க்கிளில் குடியிருந்தோம். சில பத்திகளுக்குப் பின் ‘நாம்’ வருகிறது: நாமெல்லாம் அன்று எவ்வளவு எளிமையாக இருந்தோம். ஒரு குடும்பத்தின் அனுபவம் ஒரு தலைமுறையின் அனுபவமாக உயர்வது இம்மாற்றத்தில்தான். உளப்படுத்தப்படுவோர் அதற்கு உடன்பட்டார்களா என்பது கேட்கப்படுவதில்லை.

மாட்டுங்காவில் ‘எளிமை’ எனப்படுவது, சில நிறுத்தங்களுக்கு அப்பால் தாராவியில் வேறு பெயர் பெற்றது. இரு பகுதியினரும் தமிழர். இருவரும் பங்கீட்டுக் கடையை நம்பினர். எனினும் ஒருவருக்கு வரிசை என்பது அரிசிக்கு. மற்றவருக்குத் தண்ணீருக்கும் கழிப்பிடத்துக்கும்கூட. ஒருவருக்குத் தந்தையின் மாதச் சம்பளம் நிலையானது; மற்றவருக்கு ஆலை நின்றால் அடுப்பும் நிற்கும். 1982 ஜனவரி 18ஆம் நாள் தத்தா சாமந்த் தலைமையில் தொடங்கிய பஞ்சாலை வேலைநிறுத்தத்தில் ஏறத்தாழ இரண்டரை இலட்சம் தொழிலாளர் ஈடுபட்டனர். பலர் மீண்டும் வேலைக்குத் திரும்பவே இல்லை. அவ்வீடுகளில் வளர்ந்த பிள்ளைகளின் இளமைக்கு எல்லைக்கல் 1991 அன்று, 1982. வேறு பலருக்கு அது கலவரம் நிகழ்ந்த 1992 டிசம்பரும் 1993 ஜனவரியும். ‘தாராளமயத்துக்கு முந்தைய இளமை’ என்ற தொடரே ஒரு பகுதியினரின் காலக்கணக்கு என்பது இதனால் பெறப்படும்.

வினைமுற்றின் மரியாதை விகுதியும் இங்குக் கருதத்தக்கது. ‘அப்பா வருவார்’, ‘பால்காரன் வருவான்’, ‘பாயி பாத்திரம் துலக்க வருவாள்’ என ஒரே பத்தியில் மூன்று விகுதிகள் அடுத்தடுத்து அமைவதுண்டு. ‘பாயி’ மராத்தியில் பெண்களை, ஆசிரியைகளையும்கூட, மதிப்புடன் விளிக்கும் சொல். மும்பைத் தமிழர் வீட்டில் அது பணிப்பெண்ணின் பெயராகி, ‘-ஆள்’ விகுதியோடு முடிகிறது. அனைவரும் ஒரே மாதிரி வாழ்ந்த காலம் என்று கூறும் கட்டுரையிலேயே, யார் யாரிடம் எவ்வாறு பேசப்பட்டனர் என்பதற்கான சான்று விகுதிகளில் எஞ்சி நிற்கிறது. பேசுபொருள் மறைப்பதை உருபன் காட்டிக்கொடுக்கிறது.

5. வழக்கம் முறியும் இடம்

இதனால் இளமை பற்றிய எழுத்து அனைத்தும் வழக்கவினையில் சிறைப்பட்டது எனக் கொள்ளல் தகாது. தமிழின் சிறந்த இளமைக் கதைகள் வழக்கத்தைக் கட்டி எழுப்பிப் பின் ஒரு நிகழ்ச்சியால் அதனை முறிக்கின்றன.

மும்பையில் வாழும் அம்பையின் ‘அம்மா ஒரு கொலை செய்தாள்’ இதற்குத் தக்க சான்று. சிறுமியின் நினைவில் தாய் பேரழகும் பேரன்பும் உடையவள். அந்நினைவுகள் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கப்படுகின்றன. தாய் வெளியூர் சென்றிருந்த வேளையில் சிறுமி பூப்பெய்துகிறாள். அச்சத்துடன் தாயின் வரவை எதிர்நோக்குகிறாள். திரும்பிவந்த தாய் கூறும் ஒருசில சொற்களே கொலை. கதைத்தலைப்பின் வினைமுற்று ‘செய்தாள்’ என இறந்தகாலத்தில் நிற்பது எண்ணத்தக்கது. ‘அம்மா சொல்வாள்’ என்று தொடங்கும் எந்த நினைவுக் கட்டுரையும் ‘அம்மா சொன்னாள்’ என்ற இடத்துக்கு வரத் துணிவதில்லை. இக்கதை அதற்காகவே எழுதப்பட்டுள்ளது.

தமிழகத்துக்கு வெளியே அமைந்த தமிழ் இளமையைக் கூறும் அசோகமித்திரனின் ‘பதினெட்டாவது அட்சக்கோடு’ (1977) மற்றொரு சான்று. செகந்தராபாத்தில் கிரிக்கெட், கல்லூரி, அண்டை வீடுகள் என ஓடும் சந்திரசேகரனின் நாள்களுக்குள் 1948இன் ஐதராபாத் நிகழ்ச்சிகள் மெல்ல நுழைகின்றன. தன்மைக் கூற்றும் படர்க்கைக் கூற்றும் மாறிமாறி வருவதால், நினைப்பவனும் நினைக்கப்படுபவனும் ஒருவர் அல்லர் என்ற உணர்வு தொடக்கம் முதலே நிலவுகிறது. இறுதியில் கலவர இரவில் ஒரு வீட்டுக்குள் அவன் காணும் காட்சி இளமையை முடித்துவைக்கிறது. அதன்பின் எந்த வழக்கத்துக்கும் மீள வழியில்லை.

மராத்தியில் தயா பவாரின் ‘பலுதம்’ (1978) இதே சிக்கலை வேறுவகையில் தீர்க்கிறது. கிராமத்திலும் மும்பையின் காவாகானா பகுதியிலும் கழிந்த தலித் இளமையை, தகடு மாருதி பவார் என்பவர் தயா பவாரிடம் கூறுவதாக நூல் அமைகிறது. இருவரும் ஒருவரே. கூறுவோரும் கேட்போரும் பிரிந்து நிற்பதால் ‘நாமெல்லாம்’ என்று எளிதில் சொல்ல இடமில்லாது போகிறது.

ஸ்வெத்லானா பாய்ம் 2001இல் வெளியிட்ட நூலில், இழந்ததை மீட்டுக் கட்ட முயலும் ஏக்கம், இழப்பையே எண்ணிப்பார்க்கும் ஏக்கம் என இருவகையைப் பிரித்தார். மேற்கண்ட படைப்புகளில் உள்ளது இரண்டாம் வகை. ஆண்டுமலர்க் கட்டுரைகள் பெரும்பாலும் முதல் வகைக்குள் அடங்குகின்றன. இருவகைக்கும் இடைப்பட்ட வேறுபாடு உணர்ச்சியின் அளவில் இல்லை. வினைவடிவத்தின் கையாட்சியில் இருக்கிறது.

6. மொழிபெயர்ப்பில் எழும் வினாக்கள்

‘வருவார்’ என்பதை ஆங்கிலத்தில் பெயர்க்க இரு வடிவங்கள் முதன்மையானவை. ‘யூஸ்ட் டு’ என்பது வழக்கம் முடிந்துவிட்டது என்ற குறிப்பைத் தருகிறது. ‘வுட்’ என்பது அத்தகைய குறிப்பை அழுத்தாமல் கதைசொல்லும் தொனியைத் தருகிறது. தமிழ் வடிவம் முடிவைச் சுட்டாமையின் முதலாவது வடிவம் மூலத்தில் இல்லாத இழப்பைக் கூட்டுகிறது. இரண்டாவது நெருக்கமானது, எனினும் பக்கம் முழுவதும் அதுவே வருமாயின் ஆங்கிலத்தில் சலிப்புத் தட்டும். அதனை அஞ்சிப் பெயர்ப்பாளர் இடையிடையே எளிய இறந்தகாலத்தைப் பெய்கிறார். அவ்வாறு செய்யும்போது எவை வழக்கம், எவை நிகழ்ச்சி என்ற பகுப்பை அவரே செய்துவிடுகிறார். ‘அம்மா வாய்விட்டுச் சிரித்தாள்’ என்று பெயர்ப்பதா, ‘சிரிப்பாள்’ என்று பெயர்ப்பதா என்பது நடைபற்றிய தேர்வு மட்டுமன்று. ஒரு பெண்ணின் வாழ்க்கை பற்றிய தீர்ப்பு.

மராத்தியில் நிலைமை வேறு. கடந்தகால வழக்கத்துக்கென அங்குத் தனி வடிவங்கள் உண்டு. ‘யேயி’ என்பது இலக்கியச் சாயல் உடைய ரீதி பூதகாலம்; ‘யேத் அஸே’ என்பது எழுத்துவழக்கில் பொதுவானது; ‘யாய்ச்சா’ என்பது பேச்சு வழக்கு. மூன்றுமே கடந்தகாலத்தை வடிவத்திலேயே கொண்டவை. எனவே தமிழில் காலமற்று நின்ற தந்தை மராத்தியில் கட்டாயமாகக் கடந்தகாலத்துக்குள் நிறுத்தப்படுகிறார். இது குறையன்று, மூலம் மங்கலாக வைத்ததைப் பெயர்ப்பு தெளிவாக்கும் இடம் இது. முதல் வடிவத்தைத் தேர்ந்தால் ஏக்கம் மிகும். மூன்றாவதைத் தேர்ந்தால் அது வீட்டுப் பேச்சாகத் தணியும்.

தன்மைப் பன்மையில் மராத்தி ‘ஆம்ஹி’, ‘ஆபண்’ என்ற பகுப்பால் ‘நாங்கள்’, ‘நாம்’ என்பவற்றைப் பெரிதும் காக்க இயலும். மரியாதைப் பன்மையும் அங்கு உண்டு. ஆங்கிலத்தில் இவ்விரண்டுக்கும் இடமில்லை. ‘நாங்கள்’ ‘நாம்’ ஆகும் இடமும், ‘வருவார்’, ‘வருவான்’ என்னும் வேறுபாடும் அங்கு ஓசையின்றி மறைகின்றன. அதாவது மூலத்தில் இருந்த குற்றச்சான்று பெயர்ப்பில் அழிந்து, சமத்துவக் காலம் பற்றிய கூற்று மட்டும் எஞ்சுகிறது. பெயர்ப்பாளர் இதனை ஈடுசெய்ய விளிமுறை, பெயர்ச்சொல் தேர்வு ஆகியவற்றை நாடவேண்டியிருக்கும். எடுத்துக்காட்டாக, தந்தையை உறவுப்பெயராலும் பால்காரரைத் தொழிற்பெயராலும் மட்டுமே சுட்டிச்செல்வது, விகுதி காட்டிய தொலைவை ஓரளவு காக்கும்.

இவற்றைத் தொகுத்து நோக்கின், ஒவ்வொரு வழக்கவினையின் முன்னும் பெயர்ப்பாளர் மூன்று வினாக்களை எழுப்பிக்கொள்ளலாம். இது பலமுறை நடந்ததா, ஒருமுறை நடந்ததா? இவ்வின்மை தோன்றாமையா, வழங்கப்படாமையா, வாங்க இயலாமையா? இப்பன்மை யாரை உள்ளடக்குகிறது? மூலம் விடை தராத இடங்களில் பெயர்ப்பும் விடை தரவேண்டியதில்லை. ஆனால் மூலம் விடை தந்துள்ள இடங்களில் பெயர்ப்பு அதனை அழித்துவிடலாகாது.

7. முடிவுரை

நினைவேக்கத்தைப் பழிப்பது இக்கட்டுரையின் நோக்கமன்று. இழப்புகள் உண்மையானவை. பெருநகர மும்பை மாநகராட்சி தமிழ் உட்பட எட்டு மொழிகளில் பள்ளிகளை நடத்திவந்துள்ளது. தாராவியின் பிள்ளைகள் பலர் தமிழ்வழியில் எழுதப்படிக்கக் கற்றது அங்குத்தான். தமிழ்வழி வகுப்புகளில் மாணவர் தொகை குறைந்துவந்துள்ளது. பெற்றோர் ஆங்கிலவழியை நாடுகின்றனர். மும்பையில் தமிழில் கழியும் இளமை என்பதே அருகிவருகிறது. மின்விசிறியும் கைக்கடிகாரமும் பெறும் ஏக்கத்தில் ஒரு பங்கும் இப்பள்ளிகள் நினைவெழுத்தில் பெறவில்லை. மொழியியலார்க்கும் மொழிபெயர்ப்பாளர்க்கும் இவ்விழப்பே நெருங்கியது.

இதனை ‘அப்போதெல்லாம் தமிழில் படிப்போம்’ என்று எழுதலாம். அத்தொடர் இனிமையானது, எவரையும் எதனையும் கேட்பதில்லை. எந்தத் தெருப் பள்ளியில், எந்த ஆண்டில், எத்தனை பிள்ளைகள் இருந்த வகுப்பு மூடப்பட்டது என்றும் எழுதலாம். முன்னது இழப்பை மலைபோல் நிலைநிறுத்தும். பின்னது அதற்கு நாளும் காரணமும் கேட்கும். தமிழ் இலக்கணம் இரண்டுக்கும் இடம் தந்துள்ளது. எதனைத் தேர்வது என்பது எழுதுவோர் பொறுப்பு. தேர்ந்ததை இன்னதென அறிந்து பெயர்ப்பது மொழிபெயர்ப்பாளர் பொறுப்பு.